மூடாமல் ஆற வேண்டிய புண்

அக்கா மகளுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான். தாய்மாமன் முறைக்குத் தோடு, பட்டுப்பாவாடை, வாழைத்தார், வெல்லம் என்று சீர்த்தட்டுகளோடு அருப்புக்கோட்டைப் பக்கம் இருக்கும் குலதெய்வக் கோயிலுக்குப் போனேன். திரும்பும்போது புதுச்சட்டை முழுக்கப் பிள்ளையின் கண்ணீரும் மூக்குச்சளியும். ஆசாரி ஓர் ஈர்க்குச்சியால் இரண்டு காதிலும் பொட்டு வைத்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து அளவு பார்த்தார். அதற்குத்தான் நேரம் பிடித்தது. குத்தியது, வாயில் வாழைப்பழத்தைத் திணிப்பதற்குள் முடிந்துவிட்டது. முனையைக் கூராக்கிய தங்கக் கம்பி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்து வளைந்துகொண்டது. அன்றிலிருந்து அக்கா தினமும் தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினாள். ஒன்றரை மாதத்தில் காது ஆறிவிட்டது.

18 வருஷம் கழித்து அதே பிள்ளை கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கப் போன இடத்தில், ஒரு கடைத்தொகுதியில் நின்று மேல்காதில் ஒரு ஸ்டட் அடித்துக்கொண்டாள். அடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்து ‘டக்’கென்று அடித்து அனுப்பிவிட்டார்கள். நான்கு மாதம் ஆகியும் காலையில் எழுந்தால் பொருக்கு. தலையணையில் பட்டால் வலி. அம்மாவிடம் சொல்லப் பயந்துகொண்டு எனக்குப் போன் பண்ணினாள்.

“மாமா, அதே காது, அதே மஞ்சள். அப்ப ஆறுச்சுல்ல, இப்ப ஏன் ஆற மாட்டேங்குது?”

கேள்வியிலேயே இரண்டு பிசகு இருக்கிறது. அது அதே காது இல்லை. அன்றைக்கு ஆற்றியதும் மஞ்சள் இல்லை.

முதலில் புண் ஆறுவது எப்படி என்று பார்த்துவிடலாம். கத்தி பட்டு விரல் அறுந்தால் உடம்பு செய்யும் வேலை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரத்தம் உறைந்து அடைக்கிறது. இரண்டொரு நாள் சிவந்து வீங்குகிறது. வெள்ளை அணுக்கள் வந்து கிருமியையும் செத்த திசுவையும் தின்று ஒதுக்குகின்றன. பிறகு அடியில் புதுத்தசை ஊற, மேலே தோல் செல்கள் புண்ணின் இரு விளிம்புகளிலிருந்தும் பிடியைத் தளர்த்திக்கொண்டு, தட்டையாகி, நடுவை நோக்கி ஊர்கின்றன. எதிர்ப்பக்கத்திலிருந்து ஊர்ந்து வரும் செல்லை முட்டியதும் நின்றுவிடுகின்றன. அங்கே புண் மூடுகிறது.

காது குத்திய புண்ணில் இந்த ஏற்பாட்டுக்கு நடுவே ஒரு கம்பி நிற்கிறது. எதிர்ப்பக்கத்துச் செல்லை நேராகப் போய் முட்ட வழியில்லை. ஆகவே தோல் செல்கள் இரண்டு வாயிலிருந்தும் உள்ளே திரும்பி, கம்பியை ஒட்டியே சுரங்கச் சுவர் வழியாக ஊர்ந்து, நட்டநடுவில் எங்கோ சந்திக்கின்றன. சந்தித்துவிட்டால் அங்கே ஒரு குழாய் உருவாகிவிடுகிறது. உள்சுவர் முழுக்கத் தோலால் ஆன குழாய். மூடாமலே ஆறிய புண் அது. உடம்பின் இயல்பான ஆசை ஓட்டையை அடைப்பது. நாமோ அடைக்கவிடாமல் ஆறவைக்கப் பார்க்கிறோம். புதுக்காதைப் பார்த்துக்கொள்வதில் உள்ள சிக்கல் மொத்தமும் இதற்குள் அடக்கம்.

தோல் வெளியிலிருந்து உள்ளே வளர்வதால் ஒரு ஏமாற்று நடக்கிறது. இரண்டு வாயும் சீக்கிரமே ஆறி, பளிச்சென்று இருக்கும். நடுப்பகுதி இன்னும் பச்சைப் புண். ‘வலி போயிருச்சு’ என்று கம்பியைக் கழற்றி வேறு கம்மலை நுழைப்பவர்கள் சுரங்கத்தின் நடுவைக் கிழித்துவிட்டு மறுபடி முதல் நாளுக்கே போகிறார்கள். கழற்றி வைத்தாலோ, சில மணி நேரத்திலேயே சுருங்கி அடைத்துக்கொள்ளும். ஊரில் தோடு வாங்கக் காசு புரளும்வரை வேப்பங்குச்சியையோ ஈர்க்கையோ சொருகி வைத்தது இதற்காகத்தான். குழாய் முழுசாகத் தோல் பூண்டுவிட்டால் பிறகு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. என் அப்பத்தா மேல்காதில் கொப்பு போட்டிருந்தவள். கொப்பு போய்ப் பல வருஷம் ஆன பின்னும் அந்த ஓட்டை வழியாக வெளிச்சம் தெரியும். சின்னப் பையனாக அதில் கண்ணை வைத்துப் பார்த்து அடி வாங்கியிருக்கிறேன்.

(குழாய் தோலால் ஆனது என்பதற்கு வீட்டிலேயே சாட்சி உண்டு. ரொம்ப நாள் போட்டிருந்த கம்மலைக் கழற்றினால் தண்டில் வெள்ளையாக ஒட்டியிருக்கும், மோந்து பார்த்தால் முகம் சுளிக்கவைக்கும். செத்த தோல் செல்லும் தோலின் எண்ணெயும் நுண்ணுயிரியும் கலந்த கூழ் அது. கழுவிவிட்டால் போதும், நோய் இல்லை.)

இனி, அது அதே காது இல்லை என்ற விஷயம். கம்மல் தொங்கும் அடிச்சதைக்குச் சோணை என்று பெயர். தோலும் கொழுப்பும் ரத்தக்குழாயும் மட்டுமே கொண்ட மெத்தென்ற சதை. புண் ஆற வேண்டிய பிராணவாயு, வெள்ளை அணு, சத்து எல்லாம் ரத்தத்தோடு வாசலுக்கே வந்துவிடும். 6 முதல் 8 வாரத்தில் ஆறிவிடும். அதற்கு மேலே, விரலால் மடக்கினால் மறுபடி நிமிர்கிற பகுதி குருத்தெலும்பு. குருத்தெலும்புக்குள் ரத்தக்குழாயே கிடையாது. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்விலிருந்து சத்து கசிந்து கசிந்து உள்ளே போக வேண்டும். மெயின் ரோட்டு வீட்டுக்கும், குடத்தில் தண்ணீர் சுமந்துபோக வேண்டிய சந்து வீட்டுக்கும் உள்ள வித்தியாசம். அதனால் மேல்காது ஆற 6 மாதத்திலிருந்து ஒரு வருஷம் பிடிக்கும். மூக்கு மடலுக்குச் சாதாரணமாக 4 முதல் 6 மாதம். தொப்புளுக்கும் மேல்காது கணக்குத்தான். பாவாடை நாடாவும் ஜீன்ஸ் பட்டையும் உரசிக்கொண்டே இருப்பதால் இன்னும் இழுக்கலாம்.

ஆக, நான்கு மாதத்தில் மேல்காது ஆறவில்லை என்றால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. “இன்னும் எட்டு மாசமா?” என்று அலறினாள்.

காலையில் காயும் அந்தப் பொருக்கும் சீழ் இல்லை. புண்ணில் ஊறும் தெளிந்த, லேசாக மஞ்சளோடிய நீர் காற்றில் உலர்ந்து கம்பியில் மாவு போலப் பிடிக்கிறது. புண் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். இதை நகத்தால் சுரண்டுவதும், ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தினமும் கம்பியைத் திருகுவதும் வழிவழியாக வரும் பழக்கம். தோல் மருத்துவர்களிலேயே ஒரு சாரார் வாசலின் தடவித் திருகச் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தோல் செல்கள் கம்பியை ஒட்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது காய்ந்த பொருக்கோடு கம்பியைச் சுழற்றினால், நாற்று நட்ட வயலில் மரமடித்த மாதிரிதான். தோல் உலோகத்தோடு ஒட்டி வளர்ந்துவிடாது. அந்தப் பயம் வேண்டாம்.

மஞ்சளுக்கு வருவோம். அதிலுள்ள குர்குமின் ஆய்வுக்கூடத் தட்டில் கிருமிகளை அடக்குவது உண்மை. ஆனால் அஞ்சறைப்பெட்டி மஞ்சள் கிருமி நீக்கியது இல்லை. அரவை மில் தூசியும் கைபட்ட அழுக்கும் அதில் இருக்கும். குர்குமின் தண்ணீரில் கரைவதும் மிகக் குறைவு. தூளின் நுண்துகள் புண்ணுக்குள் தங்கினால், முள் குத்தி உள்ளே நின்ற மாதிரி உடம்பு அதோடு மல்லுக்கட்டும். எண்ணெயோ ஊறும் நீர் வடியவிடாமல் வாயை அடைத்துத் தூசியைப் பிடித்து வைக்கும். அப்படியானால் அந்தக் காது எப்படி ஆறியது? குத்திய இடம் சோணை. கம்பி மெல்லியது, தங்கம். குத்தியவர் கை தேர்ந்த கை. மஞ்சள் கெடுக்கவில்லை என்பதுதான் அதன் பெருமை.

மஞ்சளைத் திட்டுபவர்கள் மருந்துக்கடையிலிருந்து ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வாங்கி ஊற்றுகிறார்கள். நுரை பொங்குவதைப் பார்த்தால் என்னவோ சாதித்த மாதிரி இருக்கும். இப்படி ஊற்றுவது ஏன் பலிப்பதில்லை என்ற கதை முதல் உலகப் போரில் தொடங்குகிறது. பென்சிலினைக் கண்டுபிடிப்பதற்குப் பல வருஷம் முன்னால், பிரான்சின் பூலோன் நகரத்துப் போர் மருத்துவமனையில் அலெக்சாண்டர் பிளெமிங் வேலை பார்த்தார். சிப்பாய்களின் புண்ணில் கிருமிநாசினியைத் தாராளமாக ஊற்றியும் புண் புரையோடியது. ஏன் என்று பார்க்க அவர் ஒரு கண்ணாடிக் குழாயை உருக்கி, அதன் அடியில் முள்முள்ளாக நீட்டிவிட்டார். குண்டு கிழித்த புண்ணின் சந்துபொந்துகளுக்கு அது மாதிரி. கிருமி கலந்த ரத்தநீரை அதில் ஊற்றி, பிறகு கிருமிநாசினியை நிரப்பி, கொட்டிவிட்டு, சுத்தமான ரத்தநீரை ஊற்றி வைத்தார். முள்களின் நுனியில் பதுங்கியிருந்த கிருமிகள் மறுபடி பெருகிவிட்டன. இன்னொன்றும் பார்த்தார்: சந்துக்குள் இருந்த கிருமியைத் தொட முடியாத அந்த மருந்து, கிருமியைத் தின்ன வந்த வெள்ளை அணுவைத் தாராளமாகக் கொன்றது. பெராக்சைடும் அப்படித்தான். கிருமியோடு சேர்த்து, ஊர்ந்து வரும் தோல் செல்லையும் புதுத்தசை நெய்யும் செல்லையும் சுட்டுவிடுகிறது. குத்திய அன்று ஒரு தடவை தோலைத் துடைக்க ஸ்பிரிட் சரி. தினமும் ஊற்றுவது, கொத்தனார் பூசப் பூச நாம் பின்னாலேயே சுரண்டிக்கொண்டு போகிற வேலை.

புண்ணைக் காயப்போட வேண்டும் என்பதும் பழைய நம்பிக்கைதான். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பன்றிக்குட்டிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைக் காற்றில் விட்டு, சிலவற்றை மெல்லிய ஏட்டால் மூடிப் பார்த்தார். ஈரம் காக்கப்பட்ட காயத்தில் புதுத்தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்ததை நேச்சர் இதழில் எழுதினார். காய்ந்த பொருக்கின் அடியில் செல்கள் வழி தோண்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போகின்றன.

பின் எதைத்தான் ஊற்றுவது? உப்புத் தண்ணீர். 100 மில்லியில் 0.9 கிராம் உப்பு. நம் ரத்தத்தின் உவர்ப்புக்கு ஈடான அளவு. அமெரிக்காவில் உடல் குத்துவதைத் தொழிலாகக் கொண்டவர்கள் 1994இல் தொடங்கிய சங்கமும் கிருமி நீக்கிய இந்தச் சலைனைத்தான் சொல்கிறது. ‘உப்புதானே, நானே கரைச்சுக்கிறேன்’ என்று ஒரு கைப்பிடி போட்டுவிடக் கூடாது. மாவடு போடும்போது கல்லுப்பு தூவிய மறுநாள் பார்த்தால் ஜாடியில் தண்ணீர் விட்டு, மாவடு சுருங்கியிருக்கும். நாம் ஊற்றிய தண்ணீர் இல்லை. உப்பு மாவடுவிலிருந்து இழுத்த தண்ணீர். உப்பு கூடினால் புண்ணின் செல்லுக்கும் அதே கதிதான். மருந்துக்கடையில் ‘நார்மல் சலைன்’ என்று கேட்டால் சொற்ப விலைக்குக் கிடைக்கும். பெரிய பாட்டிலைத் திறந்தால் ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் 10 மில்லி பிளாஸ்டிக் குப்பி கிடைத்தால் நல்லது. மூக்குச் சொட்டு மருந்தும் காண்டாக்ட் லென்ஸ் கரைசலும் இதற்குப் பதில் ஆகா. கெடாமலிருக்க அவற்றில் வேறு மருந்து கலந்திருக்கும்.

அவளுக்கு நான் சொன்ன வைத்தியம் இவ்வளவுதான். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, முன்னும் பின்னும் சலைனைப் பாய்ச்சு. பொருக்கு ஊறித் தானாக நழுவினால் எடு, வராவிட்டால் விடு. பஞ்சால் துடைக்காதே, நூல் கம்பியில் சுற்றிக்கொள்ளும். துவைத்த துண்டாக இருந்தாலும் வேண்டாம், நுனி மாட்டி இழுக்கும். டிஷ்யூ காகிதத்தால் ஒற்று. மற்ற நேரமெல்லாம் கையை வைக்காதே. இதைக் கேட்டதும் அவளுக்கு ஏமாற்றம். களிம்பின் பெயர் ஒன்றாவது சொல்வேன் என்று நினைத்திருந்தாள்.

விசாரித்ததில், உபத்திரவம் தந்தது கிருமி இல்லை. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறாள். ஸ்கூட்டி ஓட்டும்போது ஹெல்மெட் மாட்டுகையிலும் கழற்றுகையிலும் தட்டுகிறது. தலையில் எண்ணெய். போனை அந்தக் காதில்தான் வைக்கிறாள். என்னிடம் பேசியதே அப்படித்தான். ஒவ்வொரு தடவை கம்பி ஆடும்போதும் உள்ளே பாதி முளைத்த தோல் பிய்கிறது. துவாரத்தை ஒட்டி ஒரு சிவந்த பருவும் எழும்பியிருந்தது. கெலாய்ட் என்று கூகுளில் பார்த்து அழுதிருக்கிறாள். கெலாய்ட் என்பது புண்ணின் எல்லையைத் தாண்டி, மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும் தழும்பு. இவளுடையது உரசலில் வந்த மேடு. உரசல் நின்றால் அமுங்கும். ஆனாலும் கெலாய்டை லேசாகச் சொல்லிவிட முடியாது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் அது கூடுதலாக வரும், குடும்ப வழியாகவும் வரும். 2005இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, 11 வயதுக்குமேல் காது குத்திக்கொண்டவர்களிடம் அது அதிகமாக வருவதைக் கண்டது. குடும்பத்தில் இருந்தால் குத்தாமலே இருப்பது நல்லது, குத்தியே ஆக வேண்டுமென்றால் சிறுவயதிலேயே குத்துவது மேல் என்றது. ஆசாரி என் மடியிலேயே முடித்துவிட்டது ஒரு வகையில் சரிதான்.

இன்னொரு குற்றவாளி உலோகம். கடையில் அடித்த ஸ்டட்டுக்கு ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று பெயர். அதில் நிக்கல் உண்டு. நல்ல தர எஃகில் அது இறுகப் பிணைந்திருந்து கொஞ்சமாகவே கசியும்; மலிவுச் சரக்கிலும் முலாம் உரிந்த கவரிங்கிலும் அப்படிச் சொல்ல முடியாது. பச்சைப் புண்ணுக்குள் நிக்கல் கசிந்தால் உடம்பின் பாதுகாப்பு அணுக்கள் அதைப் பகையாக மனத்தில் பதித்துக்கொள்ளும், ஆயுசுக்கும் மறக்காது. பிறகு கடிகாரப் பட்டை, ஜீன்ஸ் பொத்தான் எது பட்டாலும் அரிப்பு. இதற்காகவே ஐரோப்பிய ஒன்றியம் 1994இல் நிக்கல் கசிவுக்கு வரம்பு கட்டியது. அதன்பின் அங்கே இளம்பெண்களிடம் இந்த ஒவ்வாமை குறைந்தது. கிருமியா ஒவ்வாமையா என்று பார்க்க ஒரு தோராயக் கணக்கு: அரித்தால் உலோகத்தைச் சந்தேகி, சூடாகி விண்விண்ணென்று தெறித்தால் கிருமியைச் சந்தேகி. புதுப்புண்ணுக்கு டைட்டேனியம் உத்தமம். நம் 916 தங்கத்தில் மீதி 8.4 சதவீதம் பெரும்பாலும் செம்பும் வெள்ளியும் என்பதால் அதுவும் சமத்து.

துப்பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. மருத்துவக் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்பது நம் பிரஷர் குக்கரின் பெரிய அண்ணன்தான். ஆவியை அடைத்து 121 டிகிரிக்குக் கொண்டுபோய்க் கால் மணி நேரம் வைப்பது. பிளாஸ்டிக் துப்பாக்கியை அதில் வைத்தால் உருகும். அதனால் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்கு வைக்கிறார்கள். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் 7 நாளாவது தாக்குப்பிடிக்கும். தவிர, ஸ்டட்டின் முனை ஊசி போலக் கூரில்லை. குருத்தெலும்பை நசுக்கிக்கொண்டுதான் போகிறது. பின்பக்கப் பூட்டு இறுக்கிப் பிடிப்பதால் வீங்க இடமில்லை.

மேல்காது விஷயத்தில் உண்மையாகவே பயப்பட வேண்டியது ஒன்று உண்டு. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. குழாய், தொட்டி, நீச்சல்குளம் என்று ஈரம் கண்ட இடமெல்லாம் வாழும். 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஒரு நகைக் கடையில் மேல்காது குத்திக்கொண்டவர்களில் 7 பேருக்கு இந்தத் தொற்று உறுதியானது. சிலருக்கு அறுவை செய்தும் காது உருக்குலைந்தது. தேடிப் போனால், கிருமி இருந்தது அங்கே பயன்படுத்திய கிருமிநாசினி பாட்டிலுக்குள்ளேயே! சீழ் கட்டியதும் சவ்வு குருத்தெலும்பிலிருந்து விலகிவிடுகிறது. குடத்துத் தண்ணீரும் நின்றுபோன குருத்தெலும்பு சாகிறது. காது கசங்கிய காகிதமாகச் சுருங்குகிறது. வழக்கமாக எழுதித் தரும் பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு இந்தக் கிருமி மசியாது. அறிகுறி ஒன்று சொல்லித் தருகிறேன்: மேல்காது முழுக்கச் சிவந்து வீங்கி, தொட்டால் உயிர் போகும், ஆனால் சோணை மட்டும் சாதாரணமாக இருக்கும், அங்கே குருத்தெலும்பு இல்லாததால். அப்படி இருந்தால் சலைனும் வேண்டாம், மாமாவுக்குப் போனும் வேண்டாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர். கம்பியை நீங்களாகக் கழற்றவும் வேண்டாம், வாய் மூடிச் சீழ் உள்ளே தங்கிவிடும்.

அவளுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஊசியால் குத்துகிற ஒரு நல்ல இடத்தில் டைட்டேனியம் கம்பிக்கு மாற்றிக்கொண்டாள். வலது பக்கம் படுக்கப் பழகினாள். மேடு இரண்டு மாதத்தில் அமுங்கியது. பதினோராம் மாதம் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோதுதான் அக்கா பார்த்தாள். நான் எதிர்பார்த்த பூகம்பம் வரவில்லை. காதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்க அப்பத்தா கொப்பு போட்ட எடம்டி இது” என்றாள்.

பிள்ளைக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அந்தக் கொப்பு இப்ப யார்கிட்ட மாமா இருக்கு?”

1974இல் எங்கப்பா படிப்புக்காக அடகுக் கடைக்குப் போனது, திருப்பவே இல்லை என்றேன்.